மடித்துக் கட்டிய சாரம்

எங்கள் வீட்டுச் சின்ன டிராக்டருக்குப் பதினான்கு இடத்தில் கிரீஸ் அடிக்க வேண்டும். முன் அச்சில் நான்கு, ஸ்டியரிங்கில் இரண்டு, கிளட்ச் மிதியில் ஒன்று, பிரேக் மிதியில் ஒன்று, பின்னால் கருவியைத் தூக்கும் கைகளில் இரண்டு, ரொட்டவேட்டரை ஓட்டும் தண்டில் மூன்று, ரொட்டவேட்டரில் ஒன்று. முப்பது வருஷமாகியும் இந்தக் கணக்கு எனக்குத் தப்பவில்லை. அம்மாவின் திதி எந்த மாதம் என்பதை அண்ணனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். இது மட்டும் பச்சை குத்தியதுபோல் கிடக்கிறது.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் ஊர். கார், பிசானம் என்று இரண்டு போகம். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணில் புரை விழுந்திருந்தது. அண்ணன் பம்பாயில். வீட்டில் மிச்சம் நான்தான். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, இருபத்தாறு வயதில், பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி தின்றுவிட்டுப் போனதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், தொண்ணூறுகளின் நடுவில், அந்த டிராக்டர் வந்தது. எங்கள் வயல்கள் துண்டு துண்டானவை. பெரிய டிராக்டர் உள்ளே போனால் திரும்பவே இடம் இருக்காது. அதனால் சின்னது. கூடவே மண்ணைக் கிளறிக் கலக்கும் ரொட்டவேட்டர், சேற்றில் ஓட்ட இரும்புச் சக்கரம் ஒரு ஜோடி, ஐந்து கொழுக் கலப்பை, பரம்புப் பலகை, கையகலத்துக்கு ஒரு டிரெய்லர்.

டிராக்டரோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, டிரைவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் அது என் புத்தகம் ஆனது. ஒரு வாரத்தில் முழுவதையும் மனப்பாடம் செய்தேன். ஆயில் குச்சியில் எந்தக் கோடுவரை ஆயில் நிற்க வேண்டும், ஏர் கிளீனர் கிண்ணத்தில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் எவ்வளவு அமுங்க வேண்டும், எல்லாம் தெரியும். ஊரில் எனக்கு வேறு எதிலும் அதிகாரம் கிடையாது. இதில் இருந்தது, ஆகவே வைத்து வாங்கினேன்.

டிரைவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர். வள்ளியூர்ப் பக்கம் சில வருஷம் டிராக்டர் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் என்னைச் சின்னம்மா என்பார். நான் அவரை நீ என்பேன், அப்பா ஏலே என்பார். வீட்டுக்குள் பேசும்போது அவன் என்றுதான் சொல்வோம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு வராத மரியாதை இன்றைக்கு வந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

காலை ஆறு மணிக்கு அவர் கொட்டகையில் வேலையை முடித்துவிட்டு நிற்பார். நான் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு வருவேன்.

"கிரீஸ் அடிச்சியா?"

"அடிச்சாச்சு, சின்னம்மா."

நம்ப மாட்டேன். ஒவ்வொரு முனையையும் கைக்குட்டையால் தொட்டுப் பார்ப்பேன். புதுக் கிரீஸ் ஒட்ட வேண்டும். ஒன்றில் ஒட்டாவிட்டாலும் பதினான்கையும் முதலிலிருந்து அடிக்கச் சொல்வேன். வயலுக்குப் போகிற ஆட்களெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் பார்க்க, டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து மறுபடியும் அடிப்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பொறுப்பு, கண்டிப்பு என்றெல்லாம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இருந்தது சந்தோஷம்தான்.

வைகாசியில், டிராக்டர் விற்றவர்கள் டிரைவர்களுக்குத் திருநெல்வேலியில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். போய்விட்டு வந்தவர் மறுவாரம் காக்கிப் பேண்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி ஆகாது என்று வகுப்பில் சொன்னார்களாம். சேரன்மகாதேவியில் துணி எடுத்துத் தைத்திருந்தார். இஸ்திரி மடிப்பு கூடக் கலையவில்லை.

இங்கே எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். மடித்துக் கட்டிய சாரத்தை, அதாவது கைலியை, கணுக்கால்வரை இறக்கிவிடுவார்கள். யாரும் சொல்லவேண்டியதில்லை, தானாக நடக்கும். வயலில் நின்றாலும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஆள் வரப்பில் வந்தால், சேற்றில் நிற்கிறவர் சாரத்தை இறக்கிவிடுவார். சேறு படும், படட்டும். நாங்கள் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் அது நடந்தாக வேண்டும்.

பேண்டை எப்படி இறக்கிவிடுவது?

அன்று காலை அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்டோடு, வாசலுக்கு நேரே வந்து நின்றார். அப்பா நாற்காலியில் இருந்தார். புரை விழுந்த கண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது.

"என்னலே, தாசில்தார் வேலைக்குப் போறியா?"

"இல்ல ஐயா. வகுப்புல சொன்னாவ."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தோடு போயிருக்கும். நான்தான் சும்மா இருக்கவில்லை. கார் நடுகைக்கு வந்த பெண்கள் பதினைந்து பேர் கொட்டகை முன்னால் நின்றார்கள். டிரைவரின் மனைவியும் அதில் ஒருத்தி.

"எல்லாரும் எங்க தெருவுல சாரத்த இறக்கிவிடுதாங்க. நீ இனிமே எத இறக்குவ?" என்றேன்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அவர் மனைவியும் சிரித்தாள். எங்கள் வாசலில் நான் சிரித்தால் அவள் சிரித்துத்தான் ஆகவேண்டும். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டிராக்டருக்கு அடியில் போய்விட்டார். வாய்க்கொழுப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அப்பா ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் டிரைவர் சாரத்தில் வந்தார். வாசலில் இறக்கிவிட்டார். பேண்டு அதற்குப் பிறகு எங்கள் கண்ணில் படவில்லை.

அடுத்தது அந்த உறை. இஞ்சினின் சுற்றைப் பின்னால் இருக்கும் ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோவது ஒரு இரும்புத் தண்டு. முழங்கால் உயரத்தில் இருக்கும். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஐநூற்று நாற்பது சுற்றுச் சுற்றும். அதன்மேல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் உறை. உள்ளே தண்டு சுற்றும், உறை சுற்றாமல் நிற்கும். நிற்பதற்காக இரண்டு பக்கமும் சின்னச் சங்கிலி மாட்டியிருப்பார்கள். தண்டுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டுமானால் சங்கிலியைக் கழற்றி, உறையைத் தள்ளி, திரும்பவும் மாட்ட வேண்டும். சேறு புகுந்தால் உறை நகராது, பெரிய சள்ளை. ஆவணியில் ஒருநாள் கைக்குட்டையை வைத்துப் பார்த்தேன். தண்டின் மூன்று முனையும் காய்ந்து கிடந்தன.

"உறை இறுகிப்போச்சு, சின்னம்மா. மத்தியானம் பட்டறைல காட்டி..."

"அறுத்து எறி."

அவர் நகரவில்லை. "துணி மாட்டும்னு வகுப்புல சொன்னாவ. ஒரு படம் கூடக் காட்டினாவ. நான் சாரத்தோடல்லா நிக்கேன்."

அந்தப் படம் என் புத்தகத்திலும் இருந்தது. முப்பத்தோராம் பக்கம். முகம் இல்லாத ஒரு கறுப்பு உருவம் தண்டில் சுருண்டு கிடக்கும். குளிர் நாட்டுக்காரன் முழங்காலுக்குக் கீழே கோட்டுப் போட்டுக்கொண்டு உழுவான், அவனுக்காகப் போட்ட படம் அது என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். நம் ஊரில் யார் கோட்டுப் போடுகிறார்கள்? படித்தவள் செய்கிற முட்டாள்தனத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

"மடிச்சுக் கட்டிக்கிட்டு நில்லு. தொடைக்கு மேல இருக்க துணி எப்படி மாட்டும்?" என்றேன்.

அவர் ரம்பத்தை வைத்து அறுத்தார். இரண்டு துண்டாக விழுந்ததை நான்தான் எடுத்து வைக்கோல்போர் பக்கம் எறிந்தேன். அன்றிலிருந்து கிரீஸ் அடிப்பது சுலபமாகிவிட்டது. கைக்குட்டையில் தினமும் ஒட்டியது.

ஐப்பசியில் பிசானத்துக்குத் தொளி அடித்தோம். தண்ணீர் கட்டி, சேற்றைக் கலக்கி, நடுகைக்குக் கூழாக்குவதைத்தான் தொளி என்போம். மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலை. நான் குடையும் செருப்புமாக வரப்பில் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. சுற்றுக்கு ஒருதரம் கிறீச், கிறீச். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இன்றைக்கு மாட்டினான் என்று வேகமாக நடந்தேன். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அவர் ரொட்டவேட்டரைச் சேற்றிலிருந்து தூக்கினார். இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டால் பேட்டரி கெடும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். தண்டின் சுற்றையும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இறங்கிப் பின்பக்கம் வந்து, தண்டுக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தார். சாரம் தொடைக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது, நான் சொன்னபடி.

எனக்கும் அவருக்கும் பத்தடி தூரம். அப்போதே நான் பேசியிருக்கலாம். கிரீஸ் அடிச்சியா என்று கேட்டிருக்கலாம், அணை என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தேன். நான் வரப்பில் வந்து நிற்கிறேன், அவர் சாரம் மடித்தபடி இருக்கிறது. முதலில் அது நடக்கட்டும் என்று நின்றேன். இதை நான் பிறகு கற்பனை செய்துகொள்ளவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது இதுதான், இது மட்டும்தான்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நிற்பது ஏன் என்று அவருக்கு விளங்கியது. சத்தத்தை யோசித்துக்கொண்டே, பழக்கத்தில், இரண்டு கையாலும் மடிப்பை அவிழ்த்து இறக்கிவிட்டார்.

இறங்கிய துணி தண்டில் பட்டது. இஞ்சின் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக என்றால் நொடிக்கு மூன்று, நான்கு சுற்று. சாரம் போனது, அதற்குள் இருந்த காலும் போனது.

மடையில் நின்ற நீர்பாய்ச்சுகிறவர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். இஞ்சினை நிறுத்தும் குமிழ் எது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், கறுப்பு, இழுத்தால் அணையும், ஒன்பதாம் பக்கம். நான் வரப்பைவிட்டு இறங்கவில்லை. அந்தக் குமிழ், அந்தக் குமிழ் என்று குடையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் லைட்டைப் போட்டார், ஹாரனை அடித்தார், கடைசியில்தான் அதை இழுத்தார். செருப்பில் சேறு படாமல் வீடு திரும்பியது அன்றைக்கு நான் ஒருத்திதான்.

பாளையங்கோட்டையில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அப்பா ஒருதரம் போய்ப் பார்த்தார். நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது என்று சொன்னேன், பச்சைப் பொய்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, விபத்தை விசாரிக்க இன்ஷூரன்ஸிலிருந்து ஒருவர் வந்தார். டிரைவர்மீது தப்பு இல்லை என்று அவர் எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சொன்னார்.

"சாரத்தக் கட்டிக்கிட்டு மிஷின்கிட்ட போனா என்ன வே ஆகும்? பேண்டு போடணும்னு வகுப்புலயே சொல்லிக் கொடுத்திருக்கு. கேட்டாத்தான?"

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை எடுத்துவந்து முப்பதாம் பக்கத்தைப் பிரித்தேன். தளர்ந்த ஆடை அணிந்து இயந்திரத்தை நெருங்கக் கூடாது என்பதை ஆங்கிலத்தில் படித்து, தமிழிலும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அடுத்த பக்கத்தில்தான் அந்தக் கறுப்பு உருவம் இருந்தது, அதன் கீழே உறையைக் கழற்றாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் புத்தகத்தை மூடினேன். உறையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கொட்டகைக்குக் கூடப் போய்ப் பார்க்கவில்லை. நல்ல காப்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிராக்டரைப் பட்டறைக்கு அனுப்பித் தண்டை மாற்றினோம். புதுத் தண்டோடு புது உறையும் வந்தது. அதை மாட்டினால் கிரீஸ் அடிப்பது மறுபடியும் சள்ளை. காகிதம் பிரிக்காமல் கொட்டகைப் பரணில் போட்டேன். ஆம், அதற்குப் பிறகும்தான். புது டிரைவர் வந்தார், அதே தெருக்காரர், சாரம்தான் கட்டினார். பேண்டு போடு என்று நாங்கள் சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த கார் பருவம். ஆனி மாதம், காலை ஆறரை மணி. நான் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். புது டிரைவர் தண்டுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். தெருவில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. அவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கக்கத்திலும் கட்டை. அந்தக் காக்கிப் பேண்டைப் போட்டிருந்தார். வலது காலை மேலே மடித்துத் தைத்திருந்தது. அவர் மனைவி கையால் தைத்ததாக இருக்க வேண்டும், தையல் கோணல்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்பாவுக்கு முன்னால் நிற்கவில்லை. நேரே கொட்டகைக்கு வந்தார்.

"சௌக்கியமா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் தண்டைப் பார்த்தார். புது டிரைவரின் சாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உற மாட்டலியா?"

"மாட்டணும்" என்றேன்.

"சரி."

போகவில்லை. நின்றார். நான் பேண்டைப் பற்றி ஏதாவது சொல்வேன், விசாரிக்க வந்தவரிடம் படித்ததற்குச் சமாதானம் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன் மறுபக்கம் எப்படியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. புது டிரைவர் எழுந்து, "நான் எடுக்கேன், சின்னம்மா" என்றார்.

"நீ பைய இரு" என்று அவரிடம் சொன்னார் கட்டையில் நின்றவர்.

நான் பரணில் ஏறி உறையை எடுத்தேன். காகிதத்தைக் கிழித்தேன். சேலையைச் சொருகிக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் தரையில் மண்டிபோட்டேன். மாட்டுவதற்கு வெகுநேரம் பிடித்தது. புத்தகத்தில் படித்தது கைக்கு வரவில்லை. புதுக் கிரீஸ் முழங்கைவரை அப்பியது. தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒருவழியாக உறை உட்கார்ந்தது. எழுந்தேன்.

"சங்கிலி" என்றார்.

மறுபடியும் மண்டிபோட்டுச் சங்கிலியை இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டினேன். அவர் ஒரு கட்டையை நீட்டி உறையைத் தள்ளிப் பார்த்தார். சுற்றவில்லை. திரும்பி, வந்த வழியே தெருவின் நடுவில் போனார்.

கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். எங்கள் தெருவில் இவன் செருப்புப் போட்டு நடக்கிறானே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. போட்டிருந்தது ஒற்றைச் செருப்பு என்பது அவர் வாய்க்கால் பாலத்தில் ஏறிய பிறகுதான் தோன்றியது.